கான்ட்ரா நடனம்: ஒருவர் சொல்ல, அரங்கமே ஆடுவது எப்படி?

மரத்தளம் போட்ட பழைய மண்டபம். மேடையில் ஃபிடில், பியானோ. கீழே 60 பேர் நீண்ட வரிசைகளில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

அவர்களில் சிலர் 30 ஆண்டாக ஆடுபவர்கள். சிலர் அரை மணி நேரத்துக்கு முன்புதான் முதன்முறையாக அந்த மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள்.

இசை தொடங்குகிறது. எல்லாரும் ஒரே நடனத்தை ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். ஒத்திகை கிடையாது. யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்களும் இல்லை.

எப்படி முடிகிறது?

மேடை ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரால். ஆங்கிலத்தில் அவருக்கு 'காலர்' என்று பெயர். சட்டைக் காலர் இல்லை. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கூப்பிட்டுச் சொல்பவர். குழப்பம் வேண்டாம், இங்கே அவரை 'அழைப்பாளர்' என்று வைத்துக்கொள்வோம்.

பார்க்க எளிதாகத் தெரியும் வேலை. ஆனால் அதில் இரண்டு வேலை அடங்கியிருக்கிறது. வந்திருக்கும் கூட்டத்துக்கு எந்த நடனம் பொருந்தும் என்று கண்டறிவது ஒன்று. அதைச் சரியான விநாடியில், சரியான சொற்களில் சொல்வது இன்னொன்று. முதல் வேலையில் சறுக்கினால், இரண்டாவதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

கான்ட்ரா என்றால் என்ன?

(பழைய வீடியோ கேம் ஞாபகத்துக்கு வந்ததா? அது வேறு கான்ட்ரா.)

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் நிலைத்துப்போன சமூக நடனம் இது. வேர் இங்கிலாந்தில். 1651ஆம் ஆண்டு லண்டனில் ஜான் பிளேஃபோர்ட் என்பவர் அந்நாட்டுக் கிராமிய நடனங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அந்த நடனங்கள் பிரான்ஸுக்குப் போயின. குடியேறிகளோடு கடல் கடந்து அமெரிக்காவுக்கும் வந்தன. 'கன்ட்ரி டான்ஸ்' பிரெஞ்சுக்காரர் வாயில் 'கோந்த்ரதான்ஸ்' ஆனது. அதிலிருந்து வந்ததுதான் 'கான்ட்ரா' என்று பொதுவாகச் சொல்வார்கள்.

பின்னர் வால்ட்ஸ், போல்கா எல்லாம் வந்தபோது நகரங்களில் இது பழைய ஃபேஷன் ஆகிவிட்டது. நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தின் நெல்சன் போன்ற சிற்றூர்களில் மட்டும் உயிரோடு இருந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ரால்ஃப் பேஜ் 1930இல் அழைப்பாளராகத் தொடங்கி, 1985இல் இறக்கும்வரை இந்த நடனத்துக்காகவே உழைத்தார். 1949இல் அதற்கென்றே ஒரு சஞ்சிகையும் தொடங்கினார். 1960களிலும் 70களிலும் இளையர் கூட்டம் இதைக் கையில் எடுத்தது. இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் வாராவாரம் ஆடுகிறார்கள்.

ஆடும் முறை இதுதான். இரண்டு நீண்ட வரிசைகள். எதிரே நிற்பவர் உங்கள் இணை. பக்கத்தில் இருக்கும் ஜோடியோடு சேர்த்தால் நான்கு பேர். அந்த நால்வரும் ஒரு சுற்று ஆடுகிறார்கள். சுற்று முடியும்போது உங்கள் ஜோடி ஓர் இடம் நகர்ந்துவிடும். அடுத்த சுற்றில் அதே இணை, ஆனால் வேறு பக்கத்துக்காரர்கள். இப்படியே வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போவீர்கள். முனைக்குப் போனதும் ஒரு சுற்று ஓய்வு. பிறகு திரும்பி வரவேண்டும்.

ஆக, எட்டு நிமிடத்தில் பத்துப் பதினைந்து ஜோடிகளோடு ஆடிவிடுவீர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டம் நன்றாகத் தெரிந்திருந்தாலே போதும், மீதிப் பேர் தன்னால் கற்றுக்கொள்வார்கள்.

கால் நுட்பம் அதிகம் வேண்டாம். நடக்கத் தெரிந்தால் போதும். இணையைக் கூட்டி வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு நடனத்துக்கும் புது இணை. யாரும் யாரையும் போய்க் கேட்கலாம்.

64 பீட் கணக்கு

கான்ட்ரா இசைக்குக் கண்டிப்பான ஒரு கட்டமைப்பு உண்டு. ஒரு சுற்றுக்கு 64 பீட். அது 16, 16, 16, 16 என்று நான்கு பகுதிகளாகப் பிரியும். ஏ1, ஏ2, பி1, பி2 என்று பெயர். ஏ பகுதியின் மெட்டு இரண்டு முறை வரும், பி பகுதியின் மெட்டு இரண்டு முறை வரும். அவ்வளவுதான்.

நடன அசைவுகளும் இந்தக் கட்டங்களுக்குள் கச்சிதமாக உட்காரவேண்டும். பெரும்பாலான அசைவுகள் 8 பீட் எடுக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 'த பேபி ரோஸ்' என்று ஒரு நடனம். மசாசூசெட்ஸைச் சேர்ந்த டேவிட் கேனர் அமைத்தது. புதியவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு அழைப்பாளர்கள் விரும்பி எடுக்கும் நடனம்.

ஏ1 பகுதியில் பக்கத்துக்காரரோடு பேலன்ஸ், பிறகு ஸ்விங். பேலன்ஸ் என்பது கைகோத்து முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி. அதற்கு 4 பீட். ஸ்விங் என்பது இருவரும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் சுழல்வது. மீதி 12 பீட் அதற்கு. (தலை சுற்றுமே என்கிறீர்களா? சுவரைப் பார்க்காதீர்கள், எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். சுற்றாது.)

ஏ2 பகுதியில் நால்வரும் கைகோத்து இடப்பக்கமாக முக்கால் வட்டம், பிறகு இணையோடு டோசிடோ. அதாவது ஒருவரையொருவர் முதுகோடு முதுகாகச் சுற்றி வருவது. பி1 பகுதியில் இணையோடு பேலன்ஸ், ஸ்விங். பி2 பகுதியில் 'செயின்' என்னும் அசைவில் இருவர் குறுக்கே போய் இடம் மாறுவார்கள். கடைசியாக நால்வரும் இடக்கையை நடுவில் நீட்டி ஸ்டார் போட்டுச் சுற்றுவார்கள். ஸ்டாரை விட்டு வெளியே வந்தால் அங்கே புதுப் பக்கத்துக்காரர் காத்திருப்பார். மறுபடியும் ஏ1.

நிமிடத்துக்கு 120 பீட் என்று வைத்தால் இந்த முழுச் சுற்றும் 32 விநாடி. எட்டு நிமிட நடனத்தில் 15 முறை வரும்.

சொல் முதலில், கால் பிறகு

காரில் வழிகாட்டிச் செயலி எப்போது பேசும்? சந்திப்பைத் தாண்டியபிறகு 'வலப்பக்கம் திரும்புங்கள்' என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா வராதா?

அழைப்பாளருக்கும் அதே விதி. முதல் பீட்டில் நீங்கள் ஸ்விங் தொடங்கவேண்டும் என்றால், 'ஸ்விங்' என்ற சொல் அதற்கு முன்பே உங்கள் காதில் விழுந்திருக்கவேண்டும். ஆகவே அவர் எப்போதும் ஆடுபவர்களைவிட ஓர் அடி முன்னால் வாழ்கிறார். நீங்கள் வட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அவர் மனத்தில் டோசிடோ ஓடிக்கொண்டிருக்கும்.

அவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? முந்தைய அசைவின் கடைசி நான்கு பீட். அதாவது இரண்டு விநாடி. சில சமயம் இரண்டே பீட், ஒரு விநாடி.

ஒரு விநாடிக்குள் வாக்கியம் பேச முடியாது. அதனால் சொற்களைச் செதுக்கவேண்டியிருக்கிறது. யார், என்ன, எவ்வளவு தூரம். இந்த மூன்றும் போதும். 'இப்போது நீங்கள் நால்வரும் கைகோத்து இடப்பக்கமாகச் சுற்றப் போகிறீர்கள்' என்று ஆரம்பித்தால் இசை ஓடிப்போய்விடும். 'வட்டம் இடது, முக்கால்'. முடிந்தது.

'யார்' என்பதை முதலில் சொல்வது நல்லது. 'செயின்' என்று முதலில் சொன்னால் நால்வரும் பதறுவார்கள். யார் போகவேண்டும் என்பது காதில் விழுந்தால் அந்த இருவர் மட்டும் தயாராவார்கள், மற்றவர்கள் நிதானமாக இருப்பார்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஆடும்போது அந்த அரை விநாடி பெரிய வித்தியாசம்.

இசை தொடங்குவதற்கு முன் ஒரு 'நடைப்பயிற்சி' இருக்கும். இசை இல்லாமல் அழைப்பாளர் ஒவ்வோர் அசைவாகச் சொல்ல, எல்லாரும் நடந்து பார்ப்பார்கள். இங்கேதான் பல புதிய அழைப்பாளர்கள் வாயைக் கட்டுப்படுத்த முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். விளக்கம் நீள நீள, நிற்பவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை தொடங்கிவிடுவார்கள். நடந்து பார்ப்பதுதான் பாடம். பேச்சு அதற்குத் துணை மட்டும்.

நடனம் தொடங்கியபிறகு முதல் மூன்று நான்கு சுற்றுக்கு அழைப்பாளர் எல்லாவற்றையும் சொல்வார். பிறகு சொற்கள் குறையும். 'வட்டம் இடது, முக்கால்' என்பது 'வட்டம்' ஆகும். அதற்கும் பிறகு, கூட்டம் பிடித்துக்கொண்டது என்று தெரிந்ததும், அவர் மைக்கைக் கீழே இறக்கிவிடுவார். இப்போது மண்டபத்தில் இசையும் காலடிச் சத்தமும் மட்டும்தான். அப்போதும் அவர் கண் வரிசைகளை விட்டு நகராது. முடிக்கும் நேரம் வந்ததும் இன்னும் எத்தனை சுற்று என்று இசைக்குழுவுக்கு விரலால் காட்டுவார்.

இந்தக் கூப்பிடும் பழக்கம் யாரால் வந்தது?

இந்தக் கதையில் பலருக்கும் தெரியாத பகுதி இதுதான்.

ஐரோப்பாவில் இந்த நடனங்களைக் கற்க நடன ஆசிரியர் வேண்டும். காசு கொடுத்து, வாரக்கணக்கில் வகுப்புக்குப் போய், நடனங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் விருந்துக்கு வருவார்கள். அப்படி முடியாதவர்களுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை.

அமெரிக்காவில் நடன விருந்துகளில் வாசித்தவர்களில் பலர் கறுப்பினத்தவர்கள். பலர் அடிமைகள். ஃபிடில் வாசித்துக்கொண்டே அசைவுகளை உரக்கச் சொல்லும் வழக்கம் இவர்களிடமிருந்து வந்தது என்பதை நடன வரலாற்று ஆய்வாளர் ஃபில் ஜேமிசன் விரிவாக எழுதியிருக்கிறார். 1819இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த ஒரு நடன விருந்தைப் பற்றிக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் தம் நாட்குறிப்பில் எழுதினார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடப் பணியில் பெயர் பெற்றவர் அவர். மேடையில் நின்ற கறுப்பின இசைக்கலைஞர் ஒருவர் அசைவுகளைக் கூப்பிட்டுச் சொன்னதை அதில் குறிப்பிட்டார். அவருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. பாராட்டாக அவர் எழுதவில்லை. ஆனால் அந்தக் குறிப்புதான் இன்று நமக்குச் சாட்சி.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கியதும் நடன வகுப்பு தேவையில்லாமல் போய்விட்டது. காது கேட்டால் போதும், நீங்களும் ஆடலாம். கதவைத் திறந்து விட்டவர்கள், தாங்களே அந்த மண்டபத்தில் விருந்தாளியாக நுழைய முடியாத நிலையில் இருந்தவர்கள்.

எந்தக் கூட்டத்துக்கு எந்த நடனம்?

அழைப்பாளர்களிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு நடனம். மேலே பெயர், அமைத்தவர் யார், நிற்கும் முறை என்ன. கீழே ஏ1 முதல் பி2 வரை அசைவுகள். இப்போது பலர் டேப்லெட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் 'பெட்டி' என்ற பேச்சு போகவில்லை.

மாலை நிகழ்ச்சிக்கு முன் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆனால் கதவு திறந்து ஆட்கள் வரத் தொடங்கியதும் அந்தப் பட்டியல் பெரும்பாலும் மாறிவிடும். 50 பேரில் 10 பேர் புதியவர்களா, 30 பேர் புதியவர்களா? இரண்டும் வேறு வேறு இரவு.

புதியவர்கள் அதிகம் என்றால் முதலில் பார்க்கவேண்டியது அசைவு கடினமா என்பதை இல்லை. தொலைந்துபோனால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பதைத்தான். இணையோடு நீண்ட ஸ்விங் இருக்கும் நடனம் நல்லது. குழம்பிப்போனவர் தன் இணையைத் தேடிப் பிடித்துச் சுழன்றால் போதும், பழையபடி சேர்ந்துகொள்ளலாம். பேபி ரோஸில் பி1 பகுதி அந்த வேலையைத்தான் செய்கிறது.

உங்கள் நால்வரை விட்டு வெளியே போய், வேறு நால்வரில் இருக்கும் ஒருவரைப் பிடித்துவிட்டுத் திரும்பி வரும் நடனங்களும் உண்டு. தெரிந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். புதியவருக்கு அது கூட்டமான ரயிலிலிருந்து தவறான நிலையத்தில் இறங்கியது மாதிரி.

அடுத்தது ஓட்டம். ஓர் அசைவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கவேண்டும். வலக்கையைப் பிடித்துச் சுற்றி முடித்தவருக்கு அடுத்து இடக்கை வேலை கொடுத்தால் உடம்பே வழி சொல்லும். அதே வலக்கையை மறுபடி கேட்டால் ஒரு தடுமாற்றம் வரும். இப்படி உடம்புக்கு எதிராகப் போகும் நடனத்தை எவ்வளவு நன்றாகக் கூப்பிட்டாலும் தடுமாறத்தான் செய்வார்கள். அப்போது புதியவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். 'எனக்கு டான்ஸே வராது' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த வாரம் வரமாட்டார். இதற்கு அழைப்பாளர்தான் பொறுப்பு என்பது என் கருத்து.

அடுத்தடுத்த நடனங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முதல் நடனத்தில் வட்டம், ஸ்டார், டோசிடோ. அடுத்ததில் செயின். நாலாவது ஐந்தாவதில் 'ஹே'. நால்வரும் பின்னல்போல் ஒருவரையொருவர் கடந்து போகும் அசைவு அது. கடினமானதைச் சொல்லித்தரும் இரவில் நடனத்தின் மற்றப் பகுதிகள் பழகியவையாக இருப்பது நல்லது. ஒரு நேரத்தில் ஒரு புது விஷயம்.

'இது என்ன டான்ஸ்?'

கண்டறிவதில் இன்னொரு வகையும் இருக்கிறது. வேறு ஊரில் ஆடிய நடனம் மனத்தில் நின்றுவிடுகிறது. பெயர் தெரியவில்லை. அசைவுகள் அரைகுறையாக ஞாபகம். 'ஒரு ஹே இருந்துச்சு, அப்புறம் ஒரு ஸ்விங்...' எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்விங்கை வைத்துத் தேடுவது வீண். இன்றைய நடனங்களில் இணையோடு ஒன்று, பக்கத்துக்காரரோடு ஒன்று என்று ஸ்விங் பெரும்பாலும் இருக்கும். அரிசி இருந்தது என்று மட்டும் சொன்னால் அது நாசி லெமாக்கா, பிரியாணியா, கோழிச் சோறா என்று யாருக்குத் தெரியும்?

முதலில் எப்படி நின்றோம் என்று யோசிக்கவேண்டும். இணை எதிர் வரிசையில் இருந்தாரா, உங்கள் பக்கத்திலேயே இருந்தாரா? பக்கத்தில் இருந்தால் அது 'பெக்கெட்' அமைப்பு. 1950களில் ஹெர்பி கோத்ரோ அமைத்த 'பெக்கெட் ரீல்' நடனத்திலிருந்து வந்த பெயர். இதைத் தெளிவாக்கினாலே தேடவேண்டிய பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

அப்புறம் எப்படிப் புதுப் பக்கத்துக்காரரை அடைந்தோம்? ஸ்டாரை விட்டு வெளியேறியா, எதிரே வந்தவரைக் கடந்தா, மூலைவிட்டமாக நகர்ந்தா? அது பல நடனங்களின் கைரேகை. அதோடு அபூர்வமான ஓர் அசைவு ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய நடனங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். முதல் ஜோடி வரிசைக்கு வெளியே கீழே போய்த் திரும்பி, நடுவில் போய்த் திரும்பி, பிறகு தன் இணையையும் மூலையில் நிற்பவர்களையும் மாறி மாறிக் கைபிடித்துச் சுற்றினால் அது 'கோரஸ் ஜிக்'. (பெயரில்தான் ஜிக். மெட்டு ரீல் வகை. ஏன் என்று கேட்காதீர்கள்.) இதற்கென்று தனி மெட்டே உண்டு. ஃபிடில் தொடங்கியதும் பழையவர்கள் எழுந்து வரிசைக்கு ஓடுவார்கள். 'மனி மஸ்க்' என்றால் எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம். நியூ இங்கிலாந்தில் அதை 64 பீட்டுக்குப் பதில் 48 பீட்டில் ஆடுகிறார்கள்.

புதியவற்றுக்கு 'த காலர்ஸ் பாக்ஸ்' என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. அசைவுகளைப் போட்டுத் தேடலாம். ஆயிரக்கணக்கான நடனங்கள் அதில் இருக்கின்றன. தேடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே வரிசையை இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாமல், இரண்டு பெயரில் அமைத்திருப்பார்கள். 64 பீட்டுக்குள் நன்றாக ஓடும் வரிசைகளுக்கு ஓர் எல்லை உண்டு, அல்லவா?

பெயர் எதற்கு, ஆடினால் போதாதா? அமைத்தவரின் பெயரை மேடையில் சொல்வது இந்தச் சமூகத்தின் வழக்கம். பெரும்பாலான நடனங்களுக்கு அமைத்தவர் பெறும் ஒரே கூலி அதுதான். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஞாபகத்திலிருந்து எழுதினால் ஏதாவது ஒன்று பிசகும். பேபி ரோஸில் முக்கால் வட்டத்தை முழு வட்டம் என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் சுற்றினால் உங்கள் இணை உங்கள் பக்கத்துக்கே வந்துவிடுவார். முழுதாகச் சுற்றினால் அவர் எதிர்ப் பக்கத்திலேயே நிற்பார். அதற்குப் பிறகு வரும் எதுவும் இடத்தில் பொருந்தாது. மூலத்தைப் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

குழம்பிவிட்டால்?

குழம்பும். கண்டிப்பாக.

ஒரு நால்வர் குழம்பினால் அடுத்த சுற்றில் அவர்கள் இரண்டு திசையில் நகர்ந்து, இன்னும் இரண்டு நால்வரிடம் போய்ச் சேர்வார்கள். அப்படியே பரவும். அழைப்பாளர் இதைப் பார்த்ததும் முழு அசைவுகளையும் மறுபடி கூப்பிடத் தொடங்குவார். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு 'இணையோடு ஸ்விங்' என்று எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவார். அதுவும் நடக்கவில்லை என்றால் இசையை நிறுத்தி, மறுபடி தொடங்குவார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குழப்பத்தோடு இழுத்துக்கொண்டு போவதைவிட அது நல்லது.

ஆடுபவருக்கு ஒரே ஆலோசனைதான் தருவார்கள்: விட்டுப்போன அசைவை முடிக்க முயலாதீர்கள். அடுத்தது எங்கே தொடங்குமோ அங்கே போய் நில்லுங்கள்.

லார்க், ராபின்

கான்ட்ராவில் இரண்டு பாத்திரங்கள். ஸ்விங் முடியும்போது ஒருவர் இடப்பக்கம், இன்னொருவர் வலப்பக்கம் நிற்கவேண்டும். நெடுங்காலம் இடப்பக்கத்தவரை 'ஜென்ட்ஸ்' என்றும் வலப்பக்கத்தவரை 'லேடீஸ்' என்றும் அழைத்தார்கள்.

ஆனால் இரண்டு தோழிகள் சேர்ந்து ஆடினால்? ஓர் ஆண் வலப்பக்கம் ஆட விரும்பினால்? ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே உட்பட விரும்பாதவர் வந்தால்? பாஸ்டன் வட்டாரத்தில் சில குழுக்கள் முன்பே கைப்பட்டை கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்து ஆடிப் பார்த்தன. கடந்த சுமார் பத்து ஆண்டுகளில் பறவைப் பெயர்கள் பல இடங்களில் நிலைத்துவிட்டன. இடப்பக்கம் 'லார்க்', வலப்பக்கம் முதலில் 'ரேவன்', இப்போது 'ராபின்'.

ஏன் இந்தப் பறவைகள்? ஆங்கிலத்தில் இடது, வலது என்ற சொற்களின் முதல் எழுத்துகளே லார்க்குக்கும் ராபினுக்கும். ஞாபகம் வைப்பது சுலபம். இன்னொரு காரணம் மைக் பிடித்தவர்களுக்குத்தான் புரியும். 'ஜென்ட்ஸ்' ஓர் அசை, 'லேடீஸ்' ஈரசை. 'லார்க்ஸ்' ஓர் அசை, 'ராபின்ஸ்' ஈரசை. பல ஆண்டு பழகிய தாளம் கெடாமல் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ('வானம்பாடி' என்று தமிழாக்கம் செய்தால் அழைப்பாளருக்கு மூச்சு முட்டும்.)

எல்லாரும் இதை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. பழைய சொற்களோடு வளர்ந்தவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். சில ஊர்களில் இன்றும் பழைய சொற்கள்தான். வேறு சில அழைப்பாளர்கள் பாத்திரப் பெயரே சொல்லாமல், நிற்கும் இடத்தை மட்டும் வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஒருவரையொருவர் கண் பார்த்துச் சுற்றி வரும் ஓர் அசைவுக்கு ரோமா மக்களைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று இருந்தது. அவர்கள் அதை இழிசொல்லாகக் கருதுவதால் பல இடங்களில் 'வலத்தோள் சுற்று' என்ற பொருள் தரும் பெயருக்கு மாறிவிட்டார்கள்.

நீங்களும் முயன்று பார்க்க

நான்கு காசு போதும். இரண்டு தலைப்பக்கம், இரண்டு பூப்பக்கம். மேசையில் சதுரமாக வையுங்கள். ஒரே முகமுள்ள காசுகள் குறுக்கு மூலைகளில் இருக்கட்டும். ஒவ்வோர் அசைவுக்கும் காசுகளை நகர்த்திப் பாருங்கள். அழைப்பாளர்கள் பலர் சாப்பாட்டு மேசையில் உப்புச் சாடியையும் மிளகுச் சாடியையும் வைத்து இதைத்தான் செய்கிறார்கள். முக்கால் வட்டத்துக்கும் முழு வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் பத்து விநாடியில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு ரீல் மெட்டை ஓடவிட்டு, ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திரும்ப எண்ணுங்கள். பகுதி மாறும் இடம் காதுக்குத் தெரியும்வரை எண்ணுங்கள். பிறகு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்பதற்குப் பதிலாக அடுத்த அசைவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கடைசிச் சொல் எட்டில் முடியவேண்டும், ஒன்றில் விழக்கூடாது.

அதன்பின் எட்டு நண்பர்களைக் கூட்டி நிறுத்துங்கள். நான்கு ஜோடி. இரண்டாவது சுற்றில் வரிசையின் இரு முனைகளிலும் ஆளில்லாமல் ஒவ்வொரு ஜோடி நிற்கும். 'இப்ப நாங்க என்ன பண்றது?' என்று கேட்பார்கள். ஒரு சுற்று நிற்கச் சொல்லுங்கள், இருவரையும் இடம் மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் ஆட்டம் தானாக அவர்களிடம் வரும்.